நாய்க்கு வரப்பு தெரியுமா?

சாமர்செட், இங்கிலாந்து
பிப்ரவரி கடைசி

அன்புள்ள செல்வராசு,

ஒரே ராத்திரியில் உன் பட்டியில் ஏழு செம்மறிகளை நாய்கள் கடித்துப் போட்டதைப் படித்தேன். இரண்டு நாள் பதில் எழுதக் கை வரவில்லை. உன் பட்டிக்குள் புகுந்தது தெருநாய், யாரைப் போய்க் கேட்பது? இங்கே எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர் வயலில் புகுந்த நாய்களுக்கு எசமான் உண்டு. நரி வேட்டைக் கூட்டத்தின் தலைவர், சிவப்புக் கோட்டுடன் குதிரை மேல் வந்தார்.

போன வாரம் சனிக்கிழமை கொம்பு ஊதும் சத்தம் கேட்டு வேலியோரம் போய் நின்றேன். முப்பது நாய் இருக்கும், நேராக ஆட்டு வயலுக்குள் இறங்கிவிட்டன. ஒன்றையும் கடிக்கவில்லை. வேட்டைக்காரர்களும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆனால் அத்தனையும் நிறைசினை ஆடுகள், குட்டி போட மூன்று வாரம்தான். மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. ஒன்று கம்பியில் கால் மாட்டிக் கிடந்தது. இதற்கு நடுவில் ஒரு நாய் தண்ணீர்த் தொட்டியில் சாவகாசமாகக் குடித்துவிட்டு என்னைப் பார்த்து வாலாட்டியது. அதன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் இரண்டு ஆடுகள் கருக்கலைந்து குட்டி வீசிவிட்டன. நாயால்தானா என்றால் எந்த மருத்துவரும் சத்தியம் செய்ய மாட்டார்.

நரி வேட்டைக்குத்தான் 2005-லேயே தடை வந்துவிட்டதே என்பாய். நரியை நாய் விட்டுத் துரத்திக் கொல்லத்தான் தடை. நரி மூத்திரம் தோய்த்த துணியை இழுத்துப்போன தடத்தில் நாய்களை ஓடவிட்டால் குற்றமில்லை. தடம் எங்கேயோ போக, நாய் எங்கேயோ போகும். கேட்டால், "நாய்க்கு வரைபடம் படிக்கத் தெரியுமா?" என்பார்கள்.

அடுத்தவர் நிலத்தில் நுழைவது இங்கே பெரும்பாலும் போலீஸ் விவகாரம் இல்லை, சிவில் வழக்குதான் போடவேண்டும். போட்டால் சட்டம் விவசாயி பக்கம்தான். வேட்டையைச் சாக்கிட்டு அடுத்தவர் நிலத்தில் நுழைய முடியாது என்று 1878-லேயே தீர்ப்பு உண்டு. நாய்கள் நுழையாமல் தடுக்காதது அசட்டை என்றால் வேட்டைத் தலைவரே பொறுப்பு என்று எக்ஸ்மூர் என்ற மேட்டுநிலப் பகுதி வழக்கில் 1985-ல் சொன்னார்கள். ஆனால் ஒரு வேடிக்கை கேள். ஆடு மேயும் வயலில் நாயைக் கட்டில்லாமல் விடுவதே குற்றம் என்கிற 1953-ம் ஆண்டுச் சட்டத்தில், அந்த விதிக்கு மட்டும் வேட்டை நாய்க் கூட்டத்துக்கு விலக்கு இருக்கிறது! துரத்தினால் விலக்கில்லை, சரி, அதை யார் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

பக்கத்துப் பண்ணைக்காரர் வழக்குப் போடவில்லை. காரணம் இருக்கிறது. செத்த ஆடு மாட்டை இங்கே வயலில் புதைக்கக் கூடாது. வேட்டைக்காரர்களின் வண்டிதான் குறைந்த காசுக்கு வந்து எடுத்துப்போகும். அது அந்த நாய்களுக்குத் தீனி. தீவனக் கடைக்காரரும் அந்தக் குதிரைக் கூட்டத்தில் ஒருவர். மறுநாளே வேலியைச் சரிசெய்ய ஆள் வந்தது, கூடவே ஒரு விஸ்கி பாட்டில். பண்ணைக்காரருக்கு மாடுகளும் உண்டு. நாய் கழிவு பட்ட புல்லைத் தின்று மாடு கன்று வீசும் நியோஸ்போரா நோய் பற்றித்தான் அவருக்கு இன்னும் பெரிய பயம்.

இனி என் நிலத்தில் கால் வைக்காதீர்கள் என்று கடிதம் எழுதிவிட்டார். ஒரு வாரமாக அது சமையலறை மேசையில், அந்த பாட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. நேற்று கம்பியில் மாட்டிய ஆடு செத்துப்போயிற்று. எடுத்துப்போக யாரைக் கூப்பிடுவது என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

உன் இழப்பீட்டு மனு என்ன ஆயிற்று? பட்டிக்கு வலை அடித்தாயா? அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பழனிச்சாமி