சுவர் மண்ணாக இருக்கட்டும், இறவாரம் நீளட்டும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து, நானும் அம்மாவும் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். தக்கலை விளைத் தோட்டத்தில் மண் வீடு கட்டுவதில் எனக்கு மறுப்பே இல்லை. மறுப்பெல்லாம், சுவரை விட்டு அரை அடிகூட வெளியே நீளாத அந்தத் தட்டைக் கூரைக்குத்தான். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறிமாறி நனைக்கிற நம் குமரி மாவட்டத்தில், அந்தக் கூரையின் கீழ் மண் சுவர் நெடுநாள் நிற்காது மக்களே.

தாத்தா வீட்டின் சுவரும் மண்தான். கருங்கல் அடித்தளம் தரைக்கு மேல் இரண்டடி உயர்ந்திருக்கும். ஓட்டுக் கூரையின் இறவாரமோ, மழையிலும் திண்ணையில் உட்கார்ந்து பேசும் அளவுக்கு வெளியே நீண்டிருக்கும். இறவாரத்து நீர் சொட்டிச் சொட்டி முற்றத்தில் வரிசையாகக் குழி விழுந்திருந்ததே தவிர, சுவரில் ஒரு துளி தெறித்ததில்லை. அந்தச் சுவரைக் கெடுத்தவன் நான்தான். 1994இல் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், வீடு பார்வையாக இருக்க வேண்டும் என்று உள்ளும் புறமும் சிமெண்டு பூசச் சொன்னேன். நாலாவது மழைக்காலத்தில் பூச்சு உப்பியது. தட்டினால் பொள்ளலாக ஒலித்தது. அடிப்பக்கத்தில் ஒரு சில்லைப் பெயர்த்துப் பார்த்தபோது, உள்ளே மண் கொழுக்கட்டை மாவுபோல் குழைந்திருந்தது. மண் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அந்த வழியைச் சிமெண்டு அடைத்துவிட்டது. கொத்தனாரைக் குறை சொல்ல முடியாது, அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆகவே உன் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சோ மண் பூச்சோ போதும்.

சிமெண்டைக் குறைக்க வேண்டும் என்று நீ எழுதியதும் சரிதான். சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக்கல்லை 1450 டிகிரி அளவுக்குச் சூடாக்கும்போது எரிபொருளின் புகை ஒரு பக்கம், கல்லிலிருந்தே பிரியும் கரியமில வாயு இன்னொரு பக்கம். ஜல்லிக்காகவும் எம்-சாண்டுக்காகவும் நம் குன்றுகள் லாரியேறிப் போவதை நான் தினமும் பார்க்கிறேன். ஆனாலும் குளியலறைக்கு மண் வேண்டாம். அங்கே சுட்ட செங்கல்லையே வை. மற்ற செங்கல் சுவர்களுக்கு, திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு ஏற்றது. செங்கல்லைக் குத்தாக நிறுத்தி உள்ளே வெற்றிடம் விடுவதால் ஏறத்தாழ கால்பங்கு செங்கல் மிச்சமாகும்.

மேல்மண்ணை அகற்றிவிட்டு, அடியிலிருந்துதான் மண் எடுக்க வேண்டும். களி மிகுந்தால் காயும்போது வெடிக்கும், அதற்குச் சுண்ணாம்பு சேர்க்கலாம். மணல் மிகுந்த மண்ணுக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்டு கலந்து, எந்திரத்தில் அழுத்திக் கல் அறுக்கலாம். அந்தக் கல்லை நான்கு வாரம் ஈரம் காயாமல் வைத்திருப்பது முக்கியம். அவசரக்காரர்கள் தவறுவது அங்கேதான்.

கூரைக்கு வைரம் பாய்ந்த பனையே சிறப்பு. பனையை வெட்ட இப்போது ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதால், இடிக்கிற பழைய வீடுகளிலிருந்து மரச்சட்டமும் ஓடும் வாங்கிக்கொள்ளலாம். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனபோது, தரையில் முட்டை வெள்ளைக்கரு கலந்திருக்கிறது என்று வழிகாட்டி சொன்னதும், எத்தனை முட்டை என்று கேட்டு அவரைத் திணறடித்தாய். இந்த முறை தரையை விட்டுவிட்டு, அங்கே கூரை எவ்வளவு சரிந்து இறங்குகிறது என்று பார். ஜூனில் ஒரு வாரம் விடுப்பு எடுத்து வா. மழை பெய்யும்போதே பார்க்க வேண்டும்.

நேற்று விளையின் கிழக்கு மூலையில் இரண்டடி தோண்டி, மண்ணை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி ஜன்னலில் வைத்திருக்கிறேன். மணல் அடியில் படிந்துவிட்டது, களி இன்னும் கலங்கலாகவே நிற்கிறது. தெளிந்ததும் மணல் எவ்வளவு, களி எவ்வளவு என்று அளந்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா