ஞாயிறு அன்று பழைய படங்கள், தாள்கள் சேகரிப்பு

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வரும் ஞாயிறு காலை 9 மணிக்குக் கோயில் மண்டபத்தில் பழைய படங்களையும் தாள்களையும் வாங்கிப் படியெடுக்கிறோம். அன்றே திருப்பித் தந்துவிடுவோம்.

பழைய தோட்ட வாழ்க்கையைப் பதிவு செய்யும் நம் சங்கம் எப்படித் தொடங்கியது என்று புதியவர்கள் கேட்கிறார்கள். நம் ரப்பர் தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) மாறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் இடிபட்டபோது, எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று பெரியவர்கள் நினைவிலிருந்து ஒரு வரைபடம் போட்டார்கள். அதைச் சரிபார்க்கப் போய் மூண்ட வாக்குவாதம்தான் சங்கமானது!

மலேசியாவின் பேராக்கிலுள்ள நம் சுங்கை சிப்புட் என்றால் வெளியூர்க்காரர்கள் 1948 ஜூன் 16-ஐச் சொல்வார்கள். எல்பில், பின் சூன் தோட்டங்களில் துரைமார் (வெள்ளைக்கார நிர்வாகிகள்) மூவர் கொல்லப்பட்டு, மலாயாவின் அவசரகாலத்துக்கு வழிவகுத்த நாள். அது நூல்களில் இருக்கிறது. நாம் தேடுவது வேறு: 1942-43இல் ஜப்பானியரால் போடப்பட்ட சயாம் (தாய்லாந்து) மரண ரயில்பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள், தொழிலாளர் பணத்தில் தோட்டங்களை வாங்க அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சீட்டுகள், சம்பளச் சீட்டு, குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை. கல்யாணப் படங்கள் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களமோ ரப்பர் பால் நிறுக்கும் இடமோ தெரியும் படம் ஒன்றுகூட இன்னும் வரவில்லை.

படங்களை லேமினேட் செய்யாதீர்கள், ஒட்டுநாடாவும் வேண்டாம். பின்புறம் பேனாவால் எழுதாமல், பென்சிலால் மெதுவாகப் பெயர் குறித்தால் போதும்.

பெரியவர்களின் குரலையும் பதிவு செய்கிறோம்; எண்பது கடந்தவர்களுக்கே முதலிடம். அவர்களை அழைத்துவர வண்டி தேவைப்பட்டால் வெள்ளிக்கிழமைக்குள் இங்கேயே தெரிவியுங்கள்.