கூட்டுப்புழுத் தூளும் வெந்நீர் வைக்கோலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோழி எரு, இரத்தத்தூள், இறகுத்தூள், பட்டுக் கூட்டுப்புழுத் தூள் (பட்டு நூல் எடுத்தபின் கூட்டில் மிஞ்சும் புழுவை அரைத்தது) ஆகியவற்றைக் காளான் வளரும் வைக்கோல் படுக்கையில் சேர்த்தால் விளைச்சல் கூடும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். எந்தக் காளானுக்கு, எவ்வாறு பதப்படுத்திய படுக்கைக்கு என்பது அதில் இல்லை. பென்னாகரம் பக்கம் சிப்பிக்காளான் வளர்க்கும் எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

கோழி எரு மொட்டுக்காளானுக்கு (பட்டன் காளான்) உரியது. அங்கே அதைக் கோதுமை வைக்கோலோடும் ஜிப்சத்தோடும் கலந்து, பலமுறை கிளறி மட்கவைத்து, 58 முதல் 60 டிகிரி வரை சூடேற்றி, அம்மோனியா நெடி அடங்கிய பிறகே வித்திடுகிறார்கள். நாமோ நெல் வைக்கோலை இரவு ஊறவைத்து, வெந்நீரில் ஒரு மணி நேரம் வேகவைத்து, பிழிந்தால் நீர் சொட்டாத பதத்தில் பையில் அடைக்கிறோம். அந்தச் சூட்டில் எல்லாக் கிருமிகளும் சாவதில்லை. வைக்கோலில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால், மிஞ்சியவை பெருகுவதற்குள் காளான் இழை முந்திக்கொள்கிறது. சுமார் 12 விழுக்காடு தழைச்சத்துள்ள இரத்தத்தூளையோ இறகுத்தூளையோ கலந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

இதை நட்டப்பட்டுத்தான் அறிந்தேன். பட்டு நூற்புக் கூடமொன்றில் மலிவாகக் கிடைத்த கூட்டுப்புழுவைக் காயவைத்து அரைத்து, பத்துப் பைகளில் அடுக்குக்கு ஒரு கைப்பிடி தூவினேன். மூன்றாம் நாள் பைகள் தொட்டால் சுட்டன. ஐந்தாம் நாள் அழுகிய மீன் வாடை வந்து, காற்றுத் துளைகளில் ஈ மொய்த்தது. வாரம் முடிவதற்குள் எட்டுப் பைகளில் பச்சைப்பூசணம் படர்ந்தது. பக்கத்திலேயே, எதுவும் கலக்காத பைகளில் வெள்ளை இழை சீராக ஓடிக்கொண்டிருந்தது. கெட்ட பைகளை எருக்குழியில் கொட்டியபோது என் மனைவி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்று, புரட்டாசியில் அசைவம் விட்டவர்கள்தான் எங்களிடம் அதிகம் வாங்குகிறார்கள். எதில் வளர்த்தது என்று அவர்கள் கேட்டால், இரத்தத்தூள் கலந்திருப்பதை மறைப்பது முறையாகாது.

121 டிகிரியில் நீராவி அழுத்தக் கலனில் பைகளை அவிப்பவர்கள் இத்தகைய ஊட்டங்களைச் சிறிய அளவில் சோதித்துப் பார்க்கலாம். வெந்நீர் முறையில் சிப்பிக்காளான் வளர்ப்போர் இவற்றைக் கலக்க வேண்டாம் என்று அடுத்த இதழில் ஒரு வரி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிப்பிக்காளான் வளர்ப்பவர் ஒருவர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.