நேரில் வருவது எதற்கு? திருப்பூர் அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

"இனிமே எதுக்கு அலையறீங்க, வீடியோ கால்லயே பேசிக்கலாமே" என்று கேட்டிருந்தீர்கள். அக்கறைதான், கொஞ்சம் செலவுக் கணக்கும் சேர்ந்த அக்கறை. மாதக் கணக்கு, ஷிப்மெண்ட் நிலவரம் எல்லாம் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் தொழிலுக்கு ஆலோசனை சொல்கிற நான் சேரன் எக்ஸ்பிரஸ் பிடித்து வருவது உங்களோடு பேச மட்டும் இல்லை, நீங்கள் வேலை பார்ப்பதைப் பார்க்க.

"எல்லாம் பையன்தான் பார்த்துக்கறான்" என்று போனில் சொன்னீர்கள். கம்பெனிக்கு வந்து உங்கள் அறை மூலையில் உட்கார்ந்தால், விசிட்டிங் கார்டில் டைரக்டர் என்று போட்டிருக்கும் உங்கள் பையனுக்கு, அதாவது தம்பிக்கு, ஒரு மேஜை கிடையாது. உங்களுக்கு எதிரே, பார்ட்டிகள் உட்காரும் நாற்காலியில், மடியில் லேப்டாப்போடு இருந்தார். கட்டிங் மாஸ்டர் துணியின் நிறம், அதான் ஷேடு, மாறுகிறது என்று இரண்டு துணித் துண்டுகளை எடுத்து வந்தார். தம்பி கையை நீட்டினார். மாஸ்டர் அவரைத் தாண்டி உங்கள் மேஜையில் வைத்தார். நீங்களும் ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்து, "ஓட்டுங்க" என்றீர்கள். அப்புறம் நூல் ஏஜென்ட் வந்தார், தம்பி எழுந்து இடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

வீடியோ காலில் எனக்கு உங்கள் முகமும் பின்னால் மாட்டிய முருகன் படமும்தான் தெரியும். பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள் என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பீர்கள். அந்தத் துணித் துண்டை வைத்துப் பேசியதால்தான் அன்றைக்குக் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் இருந்தீர்கள்.

அமெரிக்காவில் பில் கேம்ப்பெல் என்று ஒருவர், 2016-ல் காலமானார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்து, பிற்பாடு இன்ட்யூட் என்ற மென்பொருள் நிறுவனத்துக்குத் தலைமை தாங்கியவர். அப்போது கூகுளின் தலைமை நிர்வாகியாக இருந்த எரிக் ஷ்மிட்டுக்கு வழிகாட்டியபோது தனியறையில் பேசுவதோடு நிறுத்தவில்லை; ஷ்மிட் தன் ஆட்களோடு நடத்தும் கூட்டத்திலும் போய் உட்கார்ந்தார். யார் பேசுகிறார்கள், யார் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பது அங்கேதானே தெரியும்? அவர் காசில் குறியாக இல்லாதவர். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்னை அவரோடு ஒப்பிடாதீர்கள்.

வெளியாள் வந்தால் முதல் அரைமணி நேரம் எல்லோரும் கொஞ்சம் நடிப்பார்கள், நீங்கள் உட்பட. இரண்டாவது டீ வருவதற்குள் மறந்துவிடுவார்கள். அதனால்தான் முழு நாள் கேட்கிறேன்.

அடுத்த தடவை சனிக்கிழமை வருகிறேன். சம்பள நாள். அட்வான்ஸ் கேட்கிறவர்கள் யார் முன்னால் போய் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நான் வருவதை முன்கூட்டி யாருக்கும் சொல்ல வேண்டாம். டெய்லர்கள் என்னிடம் சொல்வதை, யார் சொன்னது என்று நீங்களும் கேட்கக்கூடாது. அதற்குள் தம்பிக்கு ஒரு மேஜை போட்டுவிடுங்கள். உங்கள் அறையில் வேண்டாம், கட்டிங் பக்கத்தில். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஹோட்டலெல்லாம் வேண்டாம் அண்ணா, கேன்டீனே போதும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகன்