நாய் இனத் தடைப் பட்டியலுக்குப் பதிலாக வளர்ப்போர் பொறுப்பு விதிகள் கோரும் மனு

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
கால்நடைப் பராமரிப்புத் துறை.

பொருள்: ‘ஆபத்தான இனங்கள்’ பட்டியலைக் கைவிட்டு, கடிக்கும் நாயின் நடத்தையையும் வளர்ப்பவரின் பொறுப்பையும் அடிப்படையாகக் கொண்ட விதிகளை இயற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நாயிடம் கடிபட்ட குழந்தையின் தந்தை நான். என் மகளின் கன்னத்தைக் கிழித்த நாய், தங்கள் துறை பரிசீலித்துவரும் பட்டியலில் உள்ள எந்த இனத்தையும் சேர்ந்ததன்று. அது அதற்கு முன்பே மற்றவர்கள் மீது பாய்ந்திருக்கிறது. உரிமையாளரிடம் சொல்லிப் பார்த்தோம், முறையிட்டும் பார்த்தோம். நடவடிக்கை எடுக்க விதியில்லை என்ற பதில்தான் கிடைத்தது. பட்டியல் நாளையே நடைமுறைக்கு வந்தாலும், என் மகளைப் போன்ற குழந்தைகளின் பெற்றோருக்கு அதே பதில்தான் கிடைக்கும். அதனால்தான் இந்த மனு.

இனத்துக்கு இனம் வேறுபாடே இல்லை என்று நான் வாதிடவில்லை. மந்தை மேய்க்க, காவல் காக்க, சண்டையிட என்று மனிதர்கள் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய விலங்கு நாய். உடல் பெருத்து, தாடை வலுத்த நாய் கடித்தால் காயம் ஆழமாகத்தான் இருக்கும். பட்டியல் கேட்பவர்களின் அச்சம் நியாயமானது. ஆனால் கடித்தால் என்ன ஆகும் என்பது ஒரு கேள்வி, கடிக்குமா என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு இனப்பெயர் பதில் சொல்வதில்லை. 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையைக் கேட்டறிந்து, அவற்றில் 2,000-க்கும் மேற்பட்டவற்றின் மரபணுவையும் ஆராய்ந்தது. நாய்களுக்கிடையே காணும் நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்துக்கே இனம் காரணம் என்பது அதன் முடிவு.

உயிர்ப்பலி வரை சென்ற சம்பவங்களும் இதையே காட்டுகின்றன. 2000 முதல் 2009 வரை அமெரிக்காவில் நாய்க்கடியால் நேர்ந்த 256 மரணங்களை ஆராய்ந்து 2013-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவற்றில் 87 சதவீதச் சம்பவங்களில், தடுக்கக்கூடிய ஆள் அருகில் இல்லை. 84 சதவீதத்தில் நாய்க்குக் கருத்தடை செய்யப்படவில்லை. 76 சதவீதத்தில், நாய் வீட்டாரோடு பழகவிடாமல் ஒதுக்கி வளர்க்கப்பட்டிருந்தது. இவை ஒவ்வொன்றும் வளர்ப்பவரின் கையில் இருந்தவை. நாயின் இனத்தை உறுதியாகச் சொல்ல முடிந்ததோ ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான சம்பவங்களில்தான். மரண விசாரணையிலேயே இனம் தெளிவாகவில்லை என்றால், வீதியில் நிற்கும் கலப்பின நாயை எந்த அலுவலர் பார்த்த மாத்திரத்தில் வகைப்படுத்துவார்?

பிரிட்டன் 1991-இல் நான்கு வகை நாய்களைத் தடை செய்தது. அதன் பிறகும் நாய்க்கடிக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படுவோர் எண்ணிக்கை உயர்ந்தே வந்தது. பின்னர் எக்ஸ்எல் புல்லி என்ற வகையையும் பட்டியலில் சேர்க்க நேர்ந்தது. நெதர்லாந்து 1993-இல் கொண்டுவந்த பிட்புல் தடையால் கடிகள் குறையவில்லை என்று கண்டு, 2008-இல் அதை விலக்கிக்கொண்டது. ஒரு பெயரைத் தடுத்தால், முரட்டு நாய் வேண்டும் என்பவர் வேறு பெயரைத் தேடிப்போகிறார். தடைக்குப் பயந்தவர்களோ நாயை ஒளித்து வைக்கிறார்கள், தடுப்பூசிக்குக்கூட வெளியே கொண்டுவருவதில்லை, அல்லது தெருவில் விட்டுவிடுகிறார்கள். அப்போது ஆபத்து கூடத்தான் செய்யும்.

ஆகவே, முறையீடு வந்த உடனே நாயின் நடத்தையைக் கால்நடை மருத்துவர் மதிப்பிட விதி வேண்டும். எந்த இனமானாலும், அது ஆபத்தானது என்று கண்டால் வாய்ப்பூட்டு, கழுத்துச் சங்கிலி, உறுதியான வேலி ஆகியவற்றைக் கட்டாயமாக்கும் அதிகாரம் அலுவலருக்கு வேண்டும். உத்தரவை மீறுபவருக்கு நாய் வளர்க்கும் உரிமையை மறுக்க வேண்டும். கடிபட்டவரின் சிகிச்சைச் செலவையும் நாயின் உரிமையாளரே ஏற்க வேண்டும். நாய்க்குட்டி விற்பவர்களையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மூன்று வாரம் முதல் பதினான்கு வாரம் வரையிலான வயதில் மனிதர்களோடு பழகாத குட்டி, அச்சத்தோடே வளர்கிறது. அஞ்சும் நாய் கடிக்கிறது. இருட்டறையில் அடைத்து வளர்த்து விற்பவரும் அந்தக் கடிக்குப் பொறுப்பாளிதான்.

பட்டியலை இறுதி செய்யும் முன், கடிபட்டவர்களையும் அவர்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களையும் அழைத்துக் கேட்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அழைத்தால் என் மகளின் மருத்துவ ஆவணங்களோடு நேரில் வந்து விளக்கம் அளிக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மனுதாரர்