உரிமத்தை விட எழுத்து மேல்

வீட்டுக்கு வெள்ளையடிக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் உரிமம் கட்டாயமாக்க வேண்டும் என்ற கருத்தைத் தங்கள் நாளிதழில் படித்தேன். செல்லூரில் நானும் பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுப்பவன். பாதியில் வேலையை விட்டு ஓடுகிறவர்களால் எங்களுக்கும்தான் கெட்ட பெயர். ஆனால் உரிமக் கட்டணம் என்று வந்தால், நாலு ஆளை வைத்துப் பிழைப்பவர்தான் முதலில் தொழிலை விடுவார். பெயின்டுக்கான ஜிஎஸ்டி 2018-இல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, சரி. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாததால் ஜிஎஸ்டி பதிவு எடுக்காத எங்களைப் போன்றவர்கள் பெயின்ட் வாங்கும்போது கட்டும் அந்த 18 சதவீதத்தையும் திரும்பப் பெற முடியாது. வீட்டுக்காரரோ சதுர அடிக்கு என்ன ரேட் என்று மட்டும்தான் கேட்கிறார். குறைத்துச் சொன்னவர் சுவரைச் சமப்படுத்தும் பட்டியை ஒரு கையோடு (ஒரு பூச்சோடு) நிறுத்தி, பெயின்டுக்கு அடியில் அடிக்கும் பிரைமரைத் தவிர்த்து, எமல்ஷன் பெயின்டில் தண்ணீரைக் கூட்டிவிடுவார். ஐப்பசி மழைக்குச் சுவர் உரியும். போன பொங்கலுக்கு முன் வில்லாபுரத்தில் நான் கேட்ட தொகை அதிகம் என்று கைவிட்டுப்போன வீட்டை, மழை முடிந்ததும் சுரண்டி மறுபடி அடிக்க என்னையே கூப்பிட்டார்கள்.

உரிமத்துக்குப் பதிலாக, எத்தனை கை பட்டி, எந்த பிரைமர், எத்தனை கோட், சாரம் யார் செலவு, முன்பணம் எவ்வளவு என்பதை நிரப்பிக் கையெழுத்திடும் ஒரு பக்கப் படிவத்தைத் தொழிலாளர் துறை தமிழில் வெளியிடலாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவு எண்ணுக்கும் அதில் ஓர் இடம் இருக்கட்டும்.

பெயின்டிங் ஒப்பந்தக்காரர், செல்லூர், மதுரை