மூன்றாவது மனுவில் என் கையெழுத்து இல்லை

ஹியூரன் ஏரியின் கரைவீட்டுக்காரர்களுக்கும் படகுக்காரர்களுக்கும்,

வணக்கம். நீங்கள் சுற்றுக்கு விட்ட மனு போன வாரம் என் கைக்கு வந்தது. ஏரியின் நீர்மட்டத்தை ஏறாமல் இறங்காமல் ஒரே அளவில் நிறுத்தச் சொல்லி, ஏரியைப் பங்கிட்டிருக்கும் அமெரிக்கா, கனடா இரு நாட்டு அரசுகளையும் கேட்கிறீர்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று நேரில் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு சண்டையில் போய் நிற்கிறது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் என் வண்டவாளத்தைச் சொல்லிவிடுகிறேன். 2013-ல் ஏரியில் தண்ணீரைக் கூட்டச் சொல்லி ஒரு மனு வந்தது, போட்டேன். 2020-ல் குறைக்கச் சொல்லி ஒன்று வந்தது, அதிலும் போட்டேன். இரண்டுக்கும் ஒரே பேனாவாகக்கூட இருந்திருக்கலாம்.

2013 கோடையில் என் படகுத்துறையின் முன்கால்கள் சேற்றில் நின்றன. மூத்த பேரனுக்கு அப்போது ஐந்து வயது. துறையிலிருந்து படகுக்கு ஏணி வைத்து இறக்கினேன். கடைசிப் படிக்கும் படகுக்கும் நடுவில் அவனைத் தூக்கித்தான் வைக்க வேண்டும். ஏழு வருடம் கழித்து அதே துறைப் பலகையில் ரப்பர் பூட்ஸோடு நடந்தோம். தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. மின்கம்பத்துக்கு இணைப்பைத் துண்டித்திருந்தார்கள்.

எண்ணில் சொன்னால், 2013 ஜனவரியில் மிச்சிகன்–ஹியூரனின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 175.57 மீட்டர், பதிவேட்டிலேயே மிகக் குறைவு. 2020 கோடையில் 177.4-ஐத் தாண்டியது. ஏழரை வருடத்தில் ஆறடி. (மிச்சிகனும் ஹியூரனும் பெயரில்தான் இரண்டு ஏரி. மக்கினாக் நீரிணை வழியே கலந்து ஒரே மட்டத்தில் கிடக்கிற ஒரே தண்ணீர்.)

இந்த ஆறடியை நிறுத்து என்று யாரிடம் கேட்பது? நமக்கு மேலே இருக்கும் சுப்பீரியர் ஏரியின் தண்ணீர் வெளியேறும் வாயில், சூ செயின்ட் மேரியில், மதகுகள் உண்டு. ஒன்டாரியோ ஏரிக்குக் கீழே கார்ன்வால் பக்கத்தில் அணை உண்டு. நம் ஏரியின் வாய் செயின்ட் கிளேர் ஆறு. அதற்குக் கதவே கிடையாது. போகிற தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். நம் ஏரிப் பரப்பு ஏறக்குறைய 1,17,000 சதுர கிலோமீட்டர். அதில் ஒரு சென்டிமீட்டர் கூட்டவோ குறைக்கவோ 117 கோடி கனமீட்டர் தண்ணீர் வேண்டும்.

சரி, கதவு போட்டால்? 2013-ல், இரு நாட்டு எல்லை நீர்நிலைகளைக் கவனிக்கும் பன்னாட்டுக் கூட்டு ஆணையம் அதையும் தொட்டது. மட்டத்தை 13 முதல் 25 சென்டிமீட்டர் வரை உயர்த்தும் அமைப்புகளைப் பற்றி ஆராயும்படி இரு அரசுகளுக்கும் சொன்னது. ஆணையத்தின் அமெரிக்கத் தலைவரே அதில் கையெழுத்திட மறுத்தார். அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் கோபம். ஆற்றின் அடியில் நிரந்தரமாக ஒரு தடுப்பைக் கட்டியிருந்தால் 2020-ல் என் பலகைமேல் இன்னும் ஒரு சாண் தண்ணீர் நின்றிருக்கும் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அணை இருக்கும் ஒன்டாரியோ ஏரியையே பாருங்கள். 2017-லும் 2019-லும் கரையோரம் மூழ்கியது. மதகை அகலத் திறந்தால் கீழே மான்ட்ரியல் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் போகும். திறக்காவிட்டால் மேலே போகும். வானம் கொட்டும்போது அணைக்காரன் கையில் இருப்பது, யார் வீடு முதலில் நனையும் என்ற முடிவு மட்டும்தான்.

இதில் பருவநிலை மாற்றம் எங்கே வருகிறது என்று கேட்கிறீர்கள். வெயில் கூடினால் ஏரி வற்றும், அவ்வளவுதானே என்று நானும் நினைத்திருந்தேன். ஏரி அதிகமாக ஆவியாவது கோடையில் இல்லை, இலையுதிர்காலத்திலும் குளிரின் தொடக்கத்திலும். வெதுவெதுப்பான தண்ணீர்மேல் காய்ந்த குளிர்காற்று வீசும்போதுதான். நவம்பர் விடியலில் ஏரி முழுக்க வெண்புகை எழும்புவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் போகிற தண்ணீர். ஏரி சூடேறச் சூடேற இந்தச் செலவு கூடுகிறது. அதே சூட்டில் காற்று ஈரத்தை அதிகம் சுமந்து வந்து பெருமழையாகவும் கொட்டுகிறது. ஒரு பக்கம் செலவு, ஒரு பக்கம் வரவு. எந்தப் பக்கம் கை ஓங்குகிறதோ அந்தப் பக்கம் ஏரி சாயும். முன்னைவிட வேகமாகச் சாயும் என்பதுதான் என் கவலை.

இப்போது பேத்திக்குப் பதினொரு வயது. படகின் முன்னணியத்தில் உட்கார்ந்துகொண்டு, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டி இறக்குவாள். "ரெண்டு முடிச்சு நனைஞ்சிருக்கு, மூணாவது காஞ்சிருக்கு தாத்தா!" படகோட்டும் வரைபடத்தில் அந்த இடத்தின் ஆழம் 0.8 மீட்டர் என்று இருந்தது. வரைபடம் தப்பா என்று கேட்டாள். தப்பில்லை, அதில் அச்சிட்டிருக்கும் ஆழம் 176 மீட்டர் என்ற அடிக்கோட்டிலிருந்து எடுத்தது. இன்றைய மட்டம் மேலே இருந்தால் கூட்டு, கீழே இருந்தால் கழி. 2013 ஜனவரியில் வரைபடத்தின் ஒவ்வோர் எண்ணிலும் 43 சென்டிமீட்டர் குறைத்துப் படிக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பக்கத்துப் பாறையைக் காட்டினாள். மேலே கற்பாசி படிந்து கறுப்பு. அதற்குக் கீழே வழித்துத் துடைத்த மாதிரி வெளுத்த பட்டை. "அப்போ தண்ணி அதுவரைக்கும் வந்திருக்கு." வந்திருக்கிறது. இன்னும் வரும்.

இந்தப் பிள்ளைகளுக்கு ஏரி ஏறி இறங்குவது குறையாகவே படவில்லை. கரைச் சதுப்புக்கும் அப்படித்தான். தண்ணீர் வடிந்த சேற்றில்தான் புதைந்து கிடக்கும் விதைகள் முளைக்கின்றன; ஏறும்போது புதர்கள் பின்வாங்குகின்றன. பல பத்தாண்டுகள் மட்டத்தை இறுக்கிப் பிடித்ததில் ஒன்டாரியோ ஏரியின் சதுப்புகளில் சம்பங்கோரை மட்டும் மண்டிப்போனது. அந்த ஏரியின் இப்போதைய திட்டம் ஏற்ற இறக்கத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம், மனுவுக்குப் பதிலாக என்ன என்று கேட்பீர்கள். நிலையான துறைகளைக் கழற்றிவிட்டு மிதக்கும் துறைகளுக்கு மாறுவோம். பொதுப் படகுத்துறையில் அதற்கு மானியம் கேட்டு ஒரு மனு எழுதுங்கள், நானே வீடு வீடாகக் கொண்டுபோகிறேன். புது வீடுகளைக் கரையிலிருந்து தள்ளிக் கட்ட விதி கேளுங்கள். நம்மில் நாலைந்து பேருக்கு இது கசக்கும், தெரியும். என் கொட்டகையும் அந்தக் கோட்டுக்குள்தான் வருகிறது. வருகிற இலையுதிர்காலத்தில் பிரிக்கிறேன்.

உங்கள் படிவத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பின்பக்கத்தில் பென்சிலில் இருப்பது பேத்தியின் கூட்டல் கழித்தல் கணக்கு. அவளுக்கு அது திரும்ப வேண்டுமாம்; ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்துத் துறைக்காரன்